பொதியும் பொறுப்பும்: தும்பறைச் சரக்குப் போக்குவரத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையும் இடத்திலிருந்து விலைபோகும் இடத்தை அடையும்வரை ஒரு பொருள் பல கைகள் மாறுகின்றது. அவ்வழியில் அது நனையலாம், உடையலாம், களவு போகலாம், தன் இயல்பினாலேயே கெட்டும் போகலாம். அவ்வாறு நேரும் இழப்பு யாரைச் சாரும் என்ற வினா வணிகத்தைப் போலவே தொன்மை வாய்ந்தது. இலங்கையின் பெருந்தோட்டப் பொருளாதாரம் பற்றி எழுந்த ஆய்வுகள் பயிரிட்ட நிலத்தின் பரப்பு, ஏற்றுமதியின் அளவு, தொழிலாளர் குடிபெயர்வு ஆகியவற்றுக்கு அளித்த இடத்தை வழியில் நேர்ந்த இழப்புக்கு அளித்தில. ஆயினும் மலைநாட்டுச் சமுதாய உறவுகளைப் புரிந்துகொள்வதற்கு இவ்வினா நல்லதொரு திறவுகோலாகும். இழப்பை ஏற்க வேண்டியவர் யார் என்பதைச் சட்டம் ஒருவாறு கூற, நடைமுறை பிறிதொருவாறு தீர்த்து வந்தது. கண்டிக்குக் கிழக்கே தெல்தெனியவை நடுவாகக் கொண்ட தும்பறைப் பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதியைக் காத்தலும் பொதிக்குப் பொறுப்பேற்றலும் பண்டைத் தமிழர் அறிந்தவையே. உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடிமரத்திற் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் எனப் புறநானூறு கூறுகின்றது. மேடு பள்ளங்களில் அச்சு முறியக்கூடும் என்பதை முன்னரே எண்ணிச் செய்த ஏற்பாடு அது. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலைகளிலே பொதிகள் உரியவரின் பெயரும் அளவைக் குறிக்கும் எழுத்தும் பொறிக்கப்பட்டுக் கிடந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டுப் பொதிகள் துறைமுகத்திற் கையாளப்பட்டமையைப் பட்டினப்பாலை விவரிக்கின்றது. முன்னையது இழப்பு நேராமற் காத்தல். பின்னைய இரண்டும் பொதி யாருடையது, எவ்வளவினது என்பதைப் பின்னர் ஐயமற நிறுவுவதற்கான சான்று. சரக்கிழப்பு பற்றிய வரலாறு முழுவதும் இவ்விரு கருத்துகளையே சுற்றிச் சுழல்கின்றது எனலாம்.

உரோமர் இதனைச் சட்டமாக்கினர். கப்பற்றலைவர், சத்திரக்காரர், குதிரைலாயம் நடத்துவோர் ஆகிய மூவரும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பாதுகாப்பாகத் திருப்பித் தரல் வேண்டும் என்பது உரோமப் பிரேத்தரின் கட்டளை. தவறு தம்மீதன்று எனக் கூறி அவர்கள் எளிதில் விலகிவிட முடியாது. வழிச்செல்வோர் இவர்களை நம்பியே ஆக வேண்டியுள்ளமையால், விதி கடுமையாக இல்லாதவிடத்து அவர்கள் கள்வரோடு கூட்டுச் சேரக்கூடும் என்பது சட்ட அறிஞர் அல்பியன் கூறும் காரணமாகும். வலியவர் கையில் எளியவர் பொருள் சிக்கும் நிலையை மனத்திற் கொண்டே இவ்விதி எழுந்தது என்பது ஈண்டு கருத்திற் கொள்ளத்தக்கது.

கண்டி இராச்சியக் காலத்தில் மலைநாட்டின் போக்குவரத்துப் பொதிமாடுகளை நம்பியிருந்தது. தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் மேலே கொணர்ந்து, பாக்கு முதலான மலைநாட்டுப் பொருட்களைக் கீழே கொண்டு சென்றன. இதில் முஸ்லிம் மக்களின் பங்கு பெரிது. அரசனுடைய பொருட்களைச் சுமந்து செல்லும் கடமை 'மடிகே பத்த' என்னும் அரச பகுதியின் கீழ் அமைந்திருந்தது. அக்கடமைக்கு ஈடாகக் காணி அனுபவிக்கும் உரிமை வழங்கப்பட்டது. இம்முறையிற் சுமப்பவனுக்கும் பொருளுடையவனுக்கும் இடையே நிலவியது கூலி ஒப்பந்தமன்று. ஊழியமும் காணியும் சார்ந்த நிலையானதோர் உறவு. இரு திறத்தாரும் ஒருவரையொருவர் தலைமுறையாக அறிந்திருந்த அவ்வமைப்பிலே சீட்டும் சாட்சியும் பெரிதும் வேண்டப்படவில்லை.

1815 ஆம் ஆண்டில் இவ்வுலகு மாறியது. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் சிறைப்பட்டது தெல்தெனியவை அடுத்த மெதமகாநுவரைப் பகுதியிலேயே ஆகும். இராச்சியத்தின் முடிவைக் கண்ட அதே மலைச்சாரல், ஒரு தலைமுறைக்குள் கோப்பித் தோட்டங்களின் தொடக்கத்தையும் கண்டது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் 1820களில் அமைப்பித்த கொழும்பு - கண்டி வீதி பொதிமாட்டின் இடத்தில் வண்டியைக் கொண்டுவந்தது. அவ்வீதிக்கு மக்களின் இராஜகாரிய உழைப்பு பெருமளவிற் பயன்படுத்தப்பட்டது. இராஜகாரியம் 1832 இல் நீக்கப்பட்டது. பேராதனையில் மகாவலியின் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் 1833 இல் எழுந்தது. ஊழியக் கடமை அகன்றது. கூலி ஒப்பந்தம் அதன் இடத்தைப் பிடித்தது.

1837 இல் இலங்கைக்கு வந்த ஆர். பி. டைட்லர், யமேக்காவிற் கற்ற கோப்பிச் செய்கை முறைகளைத் தும்பறையிற் புகுத்தினார். பல்லேகலை, ரஜவல்லை ஆகிய தோட்டங்கள் பள்ளத்தாக்கில் எழுந்தன. ரங்கலை, மெதமகாநுவரை, கலேபொக்கை, நக்கிள்ஸ் என மேல்மலைச் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. தோட்டத்துரைமாரின் சங்கம் 1854 இற் கண்டியில் நிறுவப்பட்டது. 1870 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைக் கடந்தது. ஓர் அந்தர் 112 இறாத்தலாகையால், இது ஏறத்தாழ 50,000 தொன். புகையிரதம் 1867 இற் கண்டியை வந்தடையும்வரை மலைநாட்டுக் கோப்பி கொழும்பை அடைந்தது மாட்டு வண்டிகளிலேயே என்பதை எண்ணிப் பார்க்குமிடத்துப் போக்குவரத்துப் பிரச்சினையின் பருமன் விளங்கும்.

தோட்டத்திலே பழத்தின் சதை நீக்கப்பட்டுக் கழுவி, ஒருவாறு உலர்த்தப்பட்ட கோப்பி, மேற்றோலுடனேயே அனுப்பப்பட்டது. மலைநாட்டு ஈரக் காலநிலையில் அதனை முற்றாக உலர்த்துதல் அரிது. ஆதலால் எஞ்சிய உலர்த்தலும் தோல் நீக்கலும் தரம் பிரித்தலும் கொழும்புப் பண்டகசாலைகளிலே நடைபெற்றன. அறுவடையின் பெரும்பகுதி ஆண்டின் இறுதி மாதங்களில் நிகழ்ந்தது. அம்மாதங்களே மழை மிகுந்து வீதிகள் சேறாகும் மாதங்களுமாகும். கோப்பி கீழே சென்ற வண்டிகளே தோட்டத் தொழிலாளருக்கான அரிசியை மேலே கொணர்ந்தன. மாடுகளை நோய் தாக்கிய காலங்களில் வண்டிகள் கிடையாமற் போயின; வாடகை உயர்ந்தது; பண்டகசாலைகளிற் கோப்பி தேங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் அரிசியும் அதே வண்டிகளை எதிர்பார்த்திருந்தமையால், வீதியில் நேர்ந்த ஒவ்வொரு தடையும் லயத்து அடுப்பு வரை சென்று தாக்கியது.

கண்டியிலிருந்து கொழும்பு 72 மைல். தெல்தெனியப் பகுதித் தோட்டங்களுக்கோ அதற்கு முன்னரே மலையிறங்கி மகாவலியைக் கடந்து கண்டியை அடையும் வழியும் இருந்தது. பல நாள் நீடித்த இப்பயணத்தில் வண்டியோடு சென்றவர் வண்டிக்காரரும் உதவியாளருமே. வண்டித் தொழிலிற் பெரும்பாலும் ஈடுபட்டோர் கரைநாட்டுச் சிங்கள மக்கள். அவர்களின் நெடுவழித் துயரைப் பாடும் நாட்டார் கவிகள் சிங்கள மொழியில் இன்றும் வழங்குகின்றன. இரவிலே வழித்தங்குமிடங்களில் வண்டிகள் நின்றபோது சாக்குகள் அவிழ்க்கப்பட்டு ஒரு பகுதி கோப்பி விற்கப்படுவதுண்டு. குறைந்த பங்கை ஈடுசெய்ய எஞ்சிய கோப்பிக்கு நீர் தெளிக்கப்படும். நீர் பட்ட கோப்பி பருக்கும். அதன் நிறையும் கூடும். ஆகவே சென்றடைந்த இடத்தில் அளந்தாலும் நிறுத்தாலும் களவு வெளிப்படாது. ஆனால், நனைந்த கோப்பி புளித்து நிறமும் மணமும் கெட்டு விலை குன்றும். களவு போன பங்கினால் நேர்ந்த இழப்பிலும் எஞ்சிய பங்கு கெட்டதனால் நேர்ந்த இழப்பே சில வேளை பெரிதாயிற்று.

இதற்கெதிராகக் கைக்கொள்ளப்பட்ட முதற் பாதுகாப்பு வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பிய சீட்டு. ஏற்றப்பட்ட அளவு அதிற் குறிக்கப்பட்டிருக்கும். கொழும்பில் அது சரிபார்க்கப்படும். வாடகையில் ஒரு பங்கு முற்பணமாக வழங்கப்பட்டு, எஞ்சியது சரக்கை ஒப்படைத்த பின்னரே தீர்க்கப்பட்டமையால், குறை காணப்படின் அது வாடகையிற் கழிக்கப்படும். மேலோட்டமாக நோக்குமிடத்து இது நேர்மையான ஏற்பாடே. ஆயினும் சீட்டை எழுதியவர் தோட்டத்தார்; சரிபார்த்தவர் தோட்டத்தாரின் கொழும்பு முகவர். இடையில் நின்ற வண்டிக்காரனோ பெரும்பாலும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவன். தன் கையிலே தான் கொண்டுசென்ற சீட்டு தனக்கு எதிரான சாட்சியா, தனக்குச் சார்பான சாட்சியா என்பதையே அவன் அறிந்திருக்க இயலாது.

இச்சூழலிலேதான் குடியியற் சட்டக் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. இலங்கையின் பொதுச் சட்டம் உரோம - ஒல்லாந்தச் சட்டமாக இருந்தது. அக்கட்டளை பங்குடைமை, வங்கித்தொழில், முதல்வர் - முகவர் உறவு, ஆயுள் - தீக் காப்புறுதி ஆகியவற்றோடு தரைவழிக் காவுநர் பற்றிய வழக்குகளிலும் இங்கிலாந்தில் வழங்கும் சட்டமே கைக்கொள்ளப்படும் என விதித்தது. காவுநர் என்பார் பிறர் பொருளைக் கூலிக்கு ஏற்றிச் செல்பவர். அன்றைய இலங்கையின் தரைவழிப் போக்குவரத்துப் பெரும்பாலும் கோப்பிப் போக்குவரத்தே. இச்சட்டப் பட்டியலிலே தரைவழிக் காவுநர் இடம்பெற்றமை அக்காலப் பொருளாதாரத்தின் பதிவாகவே தோன்றுகின்றது.

ஆங்கிலச் சட்டம் காவுநர் மீது கடுமையான பொறுப்பைச் சுமத்தியது. யாவருக்கும் கூலிக்கு ஏற்றிச் செல்வதைத் தொழிலாகக் கொண்டவன் தெய்வச் செயல், அரசனின் பகைவர் செயல் ஆகிய இரண்டும் தவிர்ந்த ஏனைய இழப்புகளுக்குப் பொறுப்பாளி என 1703 இல் நீதியரசர் ஹோல்ட் விளக்கினார். 1785 இல் மான்ஸ்பீல்ட் பிரபு முன்னிலையில் வந்த வழக்கொன்றில், காவுநரின் தவறேதுமின்றி வேறிடத்தில் மூண்ட தீ பரவி அவரிடமிருந்த சரக்கை எரித்தது. அத்தீ மின்னலால் மூண்டதன்று. ஆகவே அது தெய்வச் செயலன்று எனக் கொண்டு காவுநரே இழப்பை ஏற்க வேண்டும் எனத் தீர்க்கப்பட்டது. காவுநர் ஒரு காப்புறுதியாளரைப் போன்றவர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. பொருளின் இயல்பான குறையாலும் அனுப்பியவர் சரிவரப் பொதி கட்டாமையாலும் நேரும் இழப்புக்குக் காவுநர் பொறுப்பல்லர் என்னும் விலக்குகளும் சட்டத்தில் இடம்பெற்றன.

இவ்விதியின் அடிப்படையும் உரோமர் கூறிய காரணமே. வழியில் நடப்பதைப் பொருளுடையவன் அறியான், காவுநரே அறிவான், ஆதலாற் காவுநரே விளக்கம் கூறுதல் வேண்டும். இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளிலே பெரிய வண்டி நிறுவனங்களிடம் தன் பொதியை ஒப்படைத்த சிறு வணிகனுக்கு இவ்விதி கவசமாயிற்று. ஆனால், தும்பறையில் நிலைமை தலைகீழாக இருந்தது. இங்கு பொருளுடையவர் ஆங்கிலத் தோட்டத்துரையும் அவருடைய கொழும்பு முகவர் நிறுவனமும் ஆவர். காவுநரோ ஓரிரு வண்டிகளும் முற்பணக் கடனும் உடைய ஏழை. எளியவரைக் காக்கப் பிறந்த விதி கடல் கடந்து வந்தபோது வலியவர் கையில் ஆயுதமாகியது. சட்டத்தின் சொற்கள் மாறவில்லை. அவை நின்ற இடமே மாறியது.

விலக்குகள் வண்டிக்காரனுக்கும் உரியவையே. ஆயின் அவற்றை அவன் எவ்வாறு நிறுவுவான்? கொழும்பை அடைந்த கோப்பி புளித்திருந்தது எனக் கொள்வோம். வண்டிக்காரன் நீர் தெளித்ததனால் அது புளித்திருக்கலாம். தோட்டத்திற் போதிய அளவு உலர்த்தாமலே அவசரமாக அனுப்பியமையாலும் அது புளித்திருக்கலாம். முன்னையது காவுநரின் குற்றம்; பின்னையது பொருளின் குறை. இரண்டையும் வேறுபடுத்தும் வழி ஒன்றே. ஏற்றும்போது கோப்பியின் ஈரநிலை எவ்வாறிருந்தது என்பதை இரு திறத்தாரும் கண்டு குறித்து, முத்திரையிட்ட மாதிரியொன்றைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். அளவை மட்டும் கூறும் சீட்டு நிலையைப் பற்றி வாய் திறவாது. வாய் திறவாத சீட்டின் பலன் அதனை எழுதியவருக்கே சென்றது. இழப்பைத் தவிர்ப்பதும் இழப்புக்கு எதிராக வாதாடுவதும் வெவ்வேறு கலைகளல்ல என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாக்குகின்றது. கைமாறும் இடத்திலே பொருளின் அளவையும் நிலையையும் இருவரும் அறியப் பதிவு செய்தலே இரண்டுக்கும் பொதுவான வேர்.

1858 இல் தொடங்கப்பட்டுப் பல இடர்களின் பின் 1867 இற் கண்டியை அடைந்த புகையிரதம், கடுகண்ணாவை ஏற்றத்தை வென்று பல நாட் பயணத்தைச் சில மணித்தியாலங்களாகச் சுருக்கியது. மாத்தளைப் பாதை 1880 இல் வத்தேகமை வழியே திறக்கப்பட்டது. ஆயினும் தெல்தெனியவுக்குப் புகையிரதம் ஒருபோதும் வரவில்லை. தோட்டத்திலிருந்து கண்டிக்கோ வத்தேகமைக்கோ வண்டி வேண்டியிருந்தது. முன்னர் ஒரே வண்டி தோட்டத்திலிருந்து கொழும்புவரை சென்றது. இப்போது வண்டி, புகையிரதச் சரக்குக் கொட்டகை, புகையிரதப் பெட்டி, கொழும்பில் மீண்டும் வண்டி எனக் கைமாறும் இடங்கள் பெருகின. களவுக்கான இரவுகள் குறைந்தன. 'என்னிடம் வரும்போதே அப்படித்தான் இருந்தது' என ஒருவர் மற்றவரைச் சுட்டும் வாய்ப்புகளோ கூடின.

பொறுப்பின் தன்மையும் உடன் மாறியது. இங்கிலாந்திலே 1830 ஆம் ஆண்டுச் சட்டம், 10 பவுணுக்கு மேற்பட்ட விலையுயர்ந்த பொருட்களை முன்னரே அறிவித்து மேலதிகக் கட்டணம் செலுத்தாவிடிற் காவுநர் பொறுப்பல்லர் என்றது. புகையிரத நிறுவனங்கள் 'உடையவரின் பொறுப்பிலேயே ஏற்றப்படும்' என அச்சிட்ட நிபந்தனைகளாற் பொறுப்பைக் கழற்றத் தலைப்பட்டபோது, நியாயமான நிபந்தனைகளே செல்லும் என 1854 ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட வேண்டியதாயிற்று. இந்தியாவில் 1890 ஆம் ஆண்டின் புகையிரதச் சட்டம், பொருளை நம்பிப் பெற்றவர் காட்டவேண்டிய சாதாரண கவனம் என்ற அளவுக்கே நிறுவனத்தின் பொறுப்பைக் குறைத்தது. காவுநருக்குரிய முழுப் பொறுப்பு அங்கு மீண்டும் வந்தது 1961 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே. இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். காவுநர் பெருத்தபோது பொறுப்புச் சிறுத்தது. நிபந்தனை அச்சிட வசதியுடைய நிறுவனம் தன் பொறுப்பைத் தானே வரையறுத்துக்கொண்டது. வாய்ச்சொல்லையன்றி வேறறியாத வண்டிக்காரன் முழுப் பொறுப்பையும் சுமந்தான்.

கொழும்புத் துறைமுகத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885 இல் நிறைவுறும்வரை கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்குத் தோணிகளிலே அலையோடு போராடிப் பொதிகள் ஏற்றப்பட்டன. கடல்நீர் பட்ட பொதிக்குத் தோணியா, கப்பலா பொறுப்பு என்பது ஓயாத வழக்கு. கப்பல் நிறுவனங்கள் தம் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் விலக்குகளை அடுக்கி எல்லாப் பொறுப்பையும் தட்டிக்கழித்தன. 1893 இல் அமெரிக்காவின் ஹாட்டர் சட்டமும், 1924 இற் பிரசெல்சில் ஏற்கப்பட்ட ஹேக் விதிகளும் இதற்கு எல்லை கட்டின. கப்பலைப் பயணத்துக்குத் தகுதியாக வைத்தலும் சரக்கைக் கவனமாகக் கையாளுதலும் காவுநரின் கடமைகள். இவற்றை எந்த நிபந்தனையாலும் நீக்க முடியாது. மறுபுறம், பொதியின் போதாமைக்கும் பொருளின் இயல்பான குறைக்கும் அவர் பொறுப்பல்லர். புறத்தே தெரியாத சேதத்தைச் சரக்கைப் பெற்ற 3 நாட்களுள் அறிவித்தல் வேண்டும். வழக்கை ஓராண்டினுள் தொடுத்தல் வேண்டும். இவ்விதிகளின் திருந்திய வடிவத்தையே இலங்கையின் 1982 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கடல்வழிச் சரக்கேற்றற் சட்டம் ஏற்றது. நட்டஈடு கோருவோர் தோற்பதற்குச் சரக்குக் கெடாமை காரணமன்று. கெட்டதை உரிய நாளில் எழுத்திற் குறியாமையே பெரும்பாலும் காரணமாகும். சேதத்தைக் குறிப்பிடாமல் 'நன்னிலையிற் பெறப்பட்டது' என ஒப்பமிட்ட பின்னர், முன்னரே கெட்டிருந்தது என வாதிடுதல் எவர்க்கும் எளிதன்று.

1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இம்மாற்றம் சரக்குப் பாதுகாப்பிலும் ஒரு திருப்பமாகும். நனைந்த கோப்பியை உலர்த்தி ஓரளவு விலை பெறலாம். நனைந்த தேயிலைக்கோ உய்வில்லை. தேயிலை ஈரத்தை மட்டுமன்றி அருகிலுள்ள பொருட்களின் மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்; கறுவாவுக்கும் கொப்பறாவுக்கும் அருகில் அடுக்கப்பட்ட தேயிலை தன் மணத்தை இழந்துவிடும். ஆகவே ஈயத்தகடும் பின்னர் அலுமினியத்தாளும் உட்புறம் வேயப்பட்ட மரப்பெட்டிகள் வழக்கிற்கு வந்தன. ஒவ்வொரு பெட்டியின் மீதும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், வரிசை எண், மொத்த நிறை, வெறும் பெட்டியின் நிறை, தேயிலையின் நிறை ஆகியன பொறிக்கப்பட்டன. புகார்த் துறைமுகத்துப் பொதிகளின் மேற் பொறித்த எழுத்து ரங்கலைத் தேயிலைப் பெட்டியின் மேலும் தோன்றியது என்று கூறின் மிகையாகாது. 1883 இற் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியபின் இப்பொறிப்பே வாங்குவோரின் நம்பிக்கைக்கு ஆதாரமாயிற்று.

பெட்டியின் நிறை இவ்வளவு நுட்பமாகக் குறிக்கப்பட்ட அதே தோட்டத்தில், சங்கிலியின் முதற் கண்ணி எவ்வாறிருந்தது? கொழுந்து முதலிற் கைமாறும் இடம் கொழும்புமன்று, கண்டியுமன்று. தோட்டத்து நிறுவைக் கொட்டகையே. அங்குதான் கொழுந்து பறித்தவள் கையிலிருந்து தோட்டத்தின் கைக்கு மாறுகின்றது. கூடையின் நிறைக்கென்றும் மழைநாளில் இலையில் ஒட்டிய நீருக்கென்றும் இறாத்தற் கணக்கிற் கழிக்கும் வழக்கம் மலையகத் தொழிலாளரின் நெடுநாளைய முறைப்பாடுகளுள் ஒன்று. ஈரம் இலையின் இயல்பான குறை. சட்டம் கூறும் முறைப்படி அதன் அளவை இருவரும் கண்டு நிறுவுதல் வேண்டும். ஆனால், தராசு ஒருவர் கையில். கணக்குப் புத்தகமும் அவர் கையிலேயே. கொழும்பில் வண்டிக்காரனின் வாடகையிற் கழித்த அதே தருக்கம், மலைமேற் பெண்ணின் நாட்கூலியிலும் கழித்தது. நீதிமன்றப் பதிவேடுகளில் இவ்விழப்பு இடம்பெறாமைக்குக் காரணம் இழப்பு நேராமையன்று. அதனைக் கோருவதற்கு வேண்டிய சீட்டு அவளிடம் இல்லாமையே.

தெல்தெனியவின் நிலப்படமே பின்னர் மாறியது. விக்ரோறியா அணை 1985 இல் திறந்து வைக்கப்பட்டது. ஹுலு கங்கைக் கரையிலிருந்த பழைய நகரும் தும்பறையின் புகழ்பெற்ற புகையிலை விளைந்த வயல்களும் நீருள் அமிழ்ந்தன. நகர் மேட்டுநிலத்தில் புதிதாக எழுந்தது. நீர்மட்டம் தாழும் கோடையிற் பழைய நகரின் எச்சங்கள் வெளித்தெரிவதுண்டு. மாட்டு வண்டியின் இடத்தை லொறி பிடித்துப் பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. ஆனால், கைமாறும் இடத்தின் வினா மறையவில்லை. மரக்கறி மூடைகளை இறுக அடுக்கிச் செல்வதனால் வழியில் நேரும் பெருஞ்சேதத்தைக் குறைக்கும் பொருட்டு, 2011 ஆம் ஆண்டின் இறுதியிற் பிளாஸ்டிக் கூடைகள் கட்டாயமாக்கப்பட்டன. அதற்கு வணிகரிடையேயும் விவசாயிகளிடையேயும் கடும் எதிர்ப்பு எழுந்தது. கூடையின் விலையையும் வெறுங்கூடை திரும்பும் செலவையும் யார் ஏற்பது என்பது தீராத வினாவாயிற்று. சேதத்தைத் தவிர்க்கும் வழி அறியப்பட்டிருந்தது. அவ்வழியின் செலவு யாரைச் சாரும் என்பதே தீர்மானிக்கப்படவில்லை. மொத்தச் சந்தையில் மூடைக்கு இத்தனை கிலோ எனக் 'கழிவு' வெட்டும் வழக்கமோ பழைய வாடகைக் கழிப்பின் நேரடி வாரிசாகவே தோன்றுகின்றது.

பெரிய அளவிலும் இதே பாடத்தை அண்மைக் காலம் கற்பித்தது. 2021 இற் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில், ஒரு கொள்கலனிலிருந்து நைத்திரிக்கமிலம் கசிந்தமை பயணத்தின் இடையிலேயே அறியப்பட்டிருந்தது. வழித் துறைமுகங்கள் இரண்டில் அது இறக்கப்படவில்லை. சரக்குடையோருக்குக் காப்புறுதி இருந்தது. கடலை நம்பி வாழ்ந்த மீனவரோ எந்தச் சரக்கேற்றல் ஒப்பந்தத்திலும் ஒரு திறத்தாராக இருந்தாரல்லர். 2025 ஆம் ஆண்டு யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கப்பற்றரப்பினருக்குக் கட்டளையிட்டமை, ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றவரின் இழப்பும் இழப்பே என்பதை ஏற்றுக்கொண்டதாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, தவளத்தின் காலம்முதல் லொறியின் காலம்வரை ஒரு போக்கு தெளிவாகப் புலனாகின்றது. சரக்கில் நேரும் இழப்பு நீரைப் போன்றது. தடுப்பார் இல்லாதவிடத்துப் பள்ளத்தை நோக்கியே பாயும். வரலாற்றில் அப்பள்ளமாய் இருந்தவர் சீட்டில்லாத வண்டிக்காரன், தராசைப் பாராத கொழுந்துகாரி, பற்றுச்சீட்டில்லாத சிறு விவசாயி ஆகியோரே. நல்ல பொதியும், உரிய காலத்து அறிவிப்பும், காப்புறுதியும் இழப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆயினும் அவை நீதியாகச் செயற்படுவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. கைமாறும் ஒவ்வோரிடத்திலும் பொருளின் அளவும் நிலையும் இரு திறத்தாரும் விளங்கும் மொழியில் எழுதப்பட்டு, அதன் ஒரு படி கொடுப்பவரிடமும் மறுபடி பெறுபவரிடமும் இருத்தல் வேண்டும். இலங்கை இங்கிலாந்திலிருந்து காவுநர் சட்டத்தை இரவல் பெற்றது. அச்சட்டம் நீதியாய் நடப்பதற்கு வேண்டிய அவ்விரண்டாம் படியைப் பெற மறந்தது. தும்பறையின் சரக்கு வரலாறு இன்றைய நிருவாகிகளுக்கும் சட்டவாக்குநருக்கும் நினைவூட்டுவது அவ்விரண்டாம் படியையே ஆகும்.